செவத்துல இருந்த பார்மசிஸ்ட்

அதைப் போடாதீங்க அண்ணாச்சி! இருங்க, இருங்க. தண்ணி பாட்டிலை மூடுங்க முதல்ல. இந்த பஸ்ஸு குலுங்குத குலுக்குல மாத்திரை தொண்டைக்குள்ள போகாது, மூக்குக்குள்ளதான் போகும்.

கோவிச்சுக்கிடாதீங்க. பக்கத்து சீட்டுக்காரன் இப்படிக் கையைப் பிடிக்கானேன்னு பாக்காதீங்க. பதினஞ்சு வருஷம் மெடிக்கல் கடை வச்சிருக்கேன், விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல. தங்கவேலுன்னு கேட்டா நாய்கூட வழி காட்டும். அந்தக் கவரை இப்படிக் கொண்டாங்க. ம்... ரெண்டு அட்டைத் துண்டு, ரெண்டும் வெள்ளை, ரெண்டும் வட்டம். பேரு இருக்கிற பக்கத்தைக் கடைக்காரன் வெட்டி வச்சுக்கிட்டான். நாங்க அப்படித்தான். கத்திரிக்கோலைக் கையில எடுத்தா எங்களுக்குப் பேரு மேலதான் கண்ணு. ஒண்ணு வெறும் வயித்துல, ஒண்ணு சாப்பிட்ட பொறவுன்னு சொன்னானா? எது எதுன்னு மறந்துபோச்சா? நல்லா இருக்கு. வடையைத் தின்னுட்டு ரெண்டையும் சேத்துப் போடப் பாத்தீங்களாக்கும்.

சொல்லுதேன். பாத்த ஒடனே சொல்லிருவேன், அது ஒரு பெரிய விஷயமா? கோவில்பட்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கெடக்கு. இது கையிலயே இருக்கட்டும்.

மடியில என்னன்னு பாக்கீங்களா? வெள்ளைக் கோட்டு. டாக்டர் கோட்டு இல்ல, என் வீட்டுக்காரி கோட்டு. அவ பார்மசி காலேஜுல படிக்கா. சிரிக்காதீங்க, முப்பத்தஞ்சு வயசு. மக ஏழாவது படிக்கா, அம்மா ரெண்டாம் வருஷம் டி.பார்ம் படிக்கா, ரெண்டு பேரும் ஒரே லைட்டுக்குக் கீழ உக்காந்து எழுதுதாங்க, நான் தோசை ஊத்துதேன். இன்னைக்கு பத்தரைக்கு லேபாம். கோட்டு இல்லாம உள்ள விட மாட்டாங்களாம். ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க அவசரத்துல ஆணியிலயே விட்டுட்டுப் போயிட்டா. அதைத் தேச்சு மடிச்சு எடுத்துக்கிட்டுப் போறேன். ஆமா, நான்தான் தேச்சேன். அவளை நான்தான் படிக்க வைக்கேன்னு ஊருல எல்லாரும் சொல்லுதாங்க. சொல்லட்டுமே.

ஆனா அவ அந்தக் காலேஜுல சேந்த கதை இருக்கே, அது எனக்கு நடந்த அநியாயம் அண்ணாச்சி. நீங்களே கேட்டுட்டு நியாயம் சொல்லுங்க.

மருந்துக் கடைன்னா பார்மசிக்குப் படிச்சு, பதிவு பண்ணின ஆளு ஒருத்தரு கடையில இருக்கணும். அது சட்டம். நான் என்ன செஞ்சேன்னா, சட்டத்துல பாதியை வச்சுக்கிட்டேன். ஆளு இல்ல, ஆளோட சர்டிபிகேட்டு இருந்துச்சு. சந்தானகிருஷ்ணன், டி.பார்ம். கண்ணாடி போட்டு, பிரேம் போட்டு, போட்டோவோட செவத்துல தொங்குவாரு. ஆளு திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. அவரு பேப்பருக்கு மாசாமாசம் நான் ஏதோ அனுப்புவேன், அவரு வாங்கிக்கிடுவாரு. பதிமூணு வருஷம் ஒரு சண்டை கெடையாது. ஒரே வீட்டுல இருக்கிற அண்ணன் தம்பிகூட அப்படி இருக்க முடியாது.

கடைக்கு வாரவங்க போட்டோவைப் பாத்துட்டு, "அப்பாவா? எப்போ தவறினாரு?"ன்னு கேப்பாங்க. ஆமான்னுருவேன். விளக்கம் சொல்லப் போனா நாமதான மாட்டுவோம். வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குப் போடுத பூவுல மிச்சம் இருந்தா அவருக்கும் ரெண்டு கண்ணி போடுவேன். ஒரு தடவை மனுஷன் எங்க ஊரு வழியா வந்தவரு கடையை எட்டிப் பாத்துட்டாரு. தன் படத்துக்கு மாலை போட்டு ஊதுபத்தி எரியுது. பச்சைத் தண்ணிகூடக் குடிக்காம ஓடிட்டாரு.

அப்படி இருந்த மனுஷன் திடீர்னு போன் போடுதாரு. "தங்கவேலு, எனக்கு இங்க ஆஸ்பத்திரியில பார்மசிஸ்ட் வேலை கெடைச்சிருக்கு, சர்டிபிகேட்டை எடுத்துக்கிடுதேன்"ங்காரு. படிச்ச படிப்புக்கு வேலைக்குப் போறாராம்! அம்பது வயசுல இந்த புத்தி எங்க இருந்து வந்துச்சோ. எனக்குக் கை காலு ஓடலை. பேப்பரு போச்சுன்னா லைசென்ஸ் போச்சு, லைசென்ஸ் போச்சுன்னா கடை போச்சு. அவசரத்துக்கு ஓய்வுபெற்ற ஒரு பார்மசிஸ்ட் ஐயாவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிட்டு வந்தேன். அவரு, "ரெண்டே வருஷம்தான், அதுக்குப் பொறவு பெங்களூர்ல மக வீட்டுக்குப் போயிருவேன்"னு கண்டிசனாச் சொல்லிட்டாரு. ரெண்டு வருஷத்துக்குள்ள எனக்குச் சொந்தமா ஒரு சர்டிபிகேட்டு வேணும். இல்லைன்னா கடையில பூட்டுதான்.

நானே படிச்சிருப்பேன். பிளஸ் டூவில நான் வரலாறு குரூப்பு. அதெல்லாம் பார்மசியில சேக்க மாட்டாங்களாம். அப்போதான் யோசனை வந்துச்சு. வீட்டுலயே ஒரு சயின்ஸ் குரூப்பு சும்மா கெடக்கே!

"சுகந்தி, நீ ரெண்டு வருஷம் படிக்கிற மாதிரி பேரு பண்ணு. சர்டிபிகேட்டு வந்ததும் நான் செவத்துல மாட்டிக்கிடுதேன், நீ பாட்டுக்கு வீட்டுல இரு"ன்னேன். ஒரு பொம்பளைக்கு இதைவிட நிம்மதி என்ன வேணும்? அவ அப்போ முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. ஆஞ்சு முடிச்சு, கையைக் கழுவிட்டு, பரண்ல ஏறி பிளஸ் டூ மார்க் ஷீட்டை எடுத்துட்டு வந்தா. பதினாறு வருஷம் பாலிதீன் கவருக்குள்ள ஒரு மடிப்பு விழாம வச்சிருக்கா! என் மார்க் ஷீட்டு எங்கன்னு எனக்கே தெரியாது. இவ எதுக்கு வச்சிருந்தான்னு அன்னைக்கு நான் கேக்கலை. கேட்டிருக்கணும்.

காலேஜு தேடுத வேலை என்னோடது. நூறு விசாரணை விசாரிச்சேன். எந்தக் காலேஜுல என்ன சொல்லிக் குடுக்காங்கன்னா விசாரிச்சேன்? எந்தக் காலேஜுக்குப் போகாம இருக்கலாம்னு விசாரிச்சேன். அதுதான அண்ணாச்சி முக்கியம்?

முதல்ல ஒரு காலேஜு. பேரு வேண்டாம். கல்யாண மண்டபத்து மாடியில ஆபீஸ். "பரீட்சைக்கு வந்தாப் போதும் சார், மத்த நாளு வீட்டு வேலையைப் பாக்கட்டும்"னாரு அங்க இருந்தவரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லுதாரே! சுகந்தி, "லேப் எங்க இருக்கு?"ன்னா. பூட்டின ரூமைக் காட்டினாரு. தெறங்கன்னா. சாவி இல்லைன்னாரு. "இருக்கும், தேடுங்க"ன்னுட்டு அங்கேயே நிக்கா. தேடி எடுத்துத் தெறந்தாரு. உள்ள பிளாஸ்டிக் நாற்காலியும் பெரிய பெரிய அண்டாவும் அடுக்கி இருக்கு. "இங்க சாம்பாருதான் வைக்கலாம்"னு சொல்லிட்டு எறங்கிட்டா. எனக்கு அந்த எடத்தை விட்டு வர மனசே இல்லை.

அடுத்தது ஏஜெண்டு ஒருத்தன், வீட்டுக்கே வந்தான். பையி தருவோம், புத்தகம் தருவோம், டூர் கூட்டிட்டுப் போவோம்னான். கையெழுத்து மட்டும் போட்டாப் போதுமாம். சுகந்தி மார்க் ஷீட்டை நீட்டுதா, அவன் வாங்கிப் பாக்காமலே பையில சொருகுதான். வெடுக்குனு பிடுங்கிட்டா. "என் மார்க்கைப் பாக்காமச் சேத்துக்கிடுத காலேஜு, மாத்திரையையும் பாக்காமக் குடுக்கத்தான் சொல்லிக் குடுக்கும்"னா. ஏஜெண்டு காப்பியைப் பாதியிலயே வச்சுட்டுப் போயிட்டான். நல்ல பையன் பாவம்.

அப்படி ஒவ்வொண்ணாக் கழிச்சுக் கழிச்சு, கடைசியில அவளா ஒரு காலேஜு பேரைச் சொன்னா. இந்தா, இதே ரோட்டுல எட்டயபுரம் தாண்டி இருக்கே, அது. அது எனக்கு நல்லாத் தெரியும். தெனமும் வருகைப் பதிவு, தெனமும் லேபு. பிரின்சிபால் அம்மா கேட்டுல நின்னு ஆளு எண்ணுவாங்கன்னு பேச்சு. "அது ஜெயிலும்மா"ன்னேன். "பஸ்ஸு வாசல்லயே நிக்கும்"னா. விண்ணப்பத்துக்கு அன்னைக்குக் கடைசி நாள். ஒரே ஒரு எடம் பாக்கி இருக்காம். வேற வழி? கெளம்பினோம்.

ஆபீஸ்ல ஃபாரம் குடுத்தாங்க. நான்தான் நெரப்பினேன், என் கையெழுத்து அழகா இருக்கும். பேரு, தகப்பனாரு பேரு, கணவர் தொழிலு எல்லாம் எழுதிட்டு வாரேன், ஒரு கட்டத்துல 'துறை சார்ந்த அனுபவம் இருப்பின் குறிப்பிடவும்'னு போட்டிருக்கு. யோசிக்கவே இல்லை. 'இல்லை'ன்னு எழுதினேன். வீட்டுல சும்மா இருக்கிறவளுக்கு என்ன அனுபவம்?

சும்மான்னா முழுச் சும்மான்னும் சொல்ல முடியாது. மத்தியானம் எனக்குச் சோறு கொண்டுட்டு வருவா. நான் சாப்பிட்டுட்டு ஸ்டாக் ரூம்ல கொஞ்சம் தலையைச் சாய்ப்பேன். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் அவ கடையில நிப்பா. வாரவங்களுக்கு எடுத்துக் குடுப்பா, தேதி முடிஞ்ச மருந்தைப் பிரிச்சு வைப்பா, டாக்டரு கிறுக்கினது புரியலைன்னா அவருக்கே போன் போட்டுக் கேப்பா. அதெல்லாம் ஒரு வேலையா? சும்மா நிக்கிறதுதான.

பிரின்சிபால் அம்மா கூப்பிட்டாங்க. கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை, கண்ணாடிக்குள்ள ஒரு பார்வை. ஃபாரத்தை வாசிச்சுக்கிட்டே வந்தவங்க, "அனுபவம் இல்லை. சரி. எதுக்கும்மா இத்தனை வருஷம் கழிச்சுப் படிக்க வந்தே?"ன்னாங்க. நான் பதில் சொல்ல வாயைத் தெறந்தேன். அதுக்குள்ள இவ, "மேடம், ஃபாரத்தைக் கொஞ்சம் குடுங்க, ஒண்ணு தப்பா இருக்கு"ன்னா. பேனாவை என் பையில இருந்து எடுத்தா. என் 'இல்லை'யை அடிச்சா. எழுதுதா, எழுதுதா, கட்டத்துக்கு வெளிய போய் எழுதுதா.

எட்டிப் பாத்தேன். 'பதிமூன்று வருடம். தினமும் மதியம் ஒன்று முதல் நான்கு வரை. மருந்துக் கடையில். தனியாக.'

தனியாகவாம்! அண்ணாச்சி, அந்த ஒரு வார்த்தையில எனக்கு வேர்த்து ஊத்திருச்சு. அது அனுபவமா? வாக்குமூலம்! என் கடையில பதிமூணு வருஷமா பார்மசிஸ்ட் இல்லைன்னு என் பேனாவால, என் மேல, என் பொஞ்சாதியே எழுதிக் குடுக்கா. சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்கிட்ட கதையா ஆகிப்போச்சு.

"தனியாவா? அப்போ பார்மசிஸ்ட் எங்க இருந்தாரு?"ன்னு என்னைப் பாத்துக் கேக்காங்க.

பயத்துல பொய்யே வரலை. "செவத்துல இருந்தாரு மேடம்"னுட்டேன்.

அந்த அம்மா பேனாவைக் கீழ வச்சாங்க. "நீங்க அட்மிஷனுக்கு வந்தீங்களா, சரண்டர் ஆக வந்தீங்களா?"

நான் நாற்காலிக் கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அவங்க இவ பக்கம் திரும்பிட்டாங்க. "எழுதினது வம்புன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் மேடம். ஆனா இல்லைன்னு எழுதினா பொய்யி."

"அப்போ அந்த அனுபவத்துல ஒண்ணைச் சொல்லு, கேப்போம்."

சொன்னா. நான் அன்னைக்குத்தான் முதல்தடவை அதைக் கேக்கேன். சித்திரை மாசமாம். சோத்துத் தூக்கோட இவ கடைக்குள்ள நுழையுதாளாம். ஒருத்தன் மருந்து வாங்கிட்டு வெளிய போறானாம், தோளுல கைப்பிள்ளை, காய்ச்சல். அவன் கையில சின்ன பாட்டிலு. கடைக்குள்ள இருந்து என் சத்தம் கேக்குது: "ஒரு ஸ்பூன், மூணு வேளை!" உங்களுக்குத் தெரியுமா தெரியாதா, அந்தச் சின்ன பாட்டிலு சொட்டு மருந்து அண்ணாச்சி. கெட்டி. சொட்டுக் கணக்குலதான் குடுக்கணும். ஸ்பூன் கணக்கு பெரிய பாட்டிலுக்கு. பேரு ஒண்ணு, டப்பா கலரும் ஒண்ணு. நான் பெரிசுக்குச் சொல்ல வேண்டியதைச் சின்னதுக்குச் சொல்லிட்டேன். இவ தூக்கைத் தரையில வச்சுட்டு, பெரிய பாட்டிலை எடுத்துக்கிட்டு ஓடியிருக்கா. அவன் பஸ்ஸு ஏறிட்டான். பஸ்ஸு கெளம்பிருச்சு. பின்னாலயே ஓடி, பக்கவாட்டுத் தகரத்துல தட்டித் தட்டி, முக்கு திரும்புத எடத்துல நிறுத்தி, பாட்டிலை மாத்திக் குடுத்துட்டு வந்தாளாம்.

"அதுக்குப் பொறவுதான் மேடம் எனக்குப் பயம் வந்துச்சு. இந்த ஒண்ணு நான் பாத்தேன். நான் வாரதுக்கு முன்னாடி காலையில போனது எத்தனையோ. எனக்கும் பாதிதான் தெரியும், அவருக்கும் பாதிதான் தெரியும். முழுசாத் தெரிஞ்சுக்கிட்டு நிக்கணும்னுதான் வந்தேன்."

எனக்கு அந்த நாளு ஞாபகம் இருக்கு அண்ணாச்சி. நல்லா ஞாபகம் இருக்கு. அன்னைக்கு மீன் கொழம்பு. தூக்கை நடுக் கடையில போட்டுட்டு எங்கேயோ போயிட்டா, திரும்பி வார நேரம் கொழம்பு ஆறிப்போச்சு, தலையெல்லாம் கலைஞ்சு மூச்சு வாங்க வந்து நிக்கா. நான் கத்தினேன். நாலு பேரு பாக்கக் கத்தினேன். "ஊரு சுத்தப் போனியா"ன்னேன்.

பிரின்சிபால் அம்மா இவ எழுதின வரியைத் திரும்ப ஒருதரம் வாசிச்சாங்க. பொறவு அந்த ஃபாரத்தை ரெண்டாக் கிழிச்சாங்க. போச்சுன்னு நெனைச்சேன். புது ஃபாரம் ஒண்ணு எடுத்து இவகிட்ட குடுத்தாங்க. "உன் ஃபாரத்தை உன் கையால எழுது. சார், நீங்க வெளிய உக்காருங்க. பேனா இவகிட்டயே இருக்கட்டும்."

அந்தக் கட்டத்துல ரெண்டாந்தடவை என்ன எழுதினான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. எடம் கெடைச்சிருச்சு.

திரும்பி வார பஸ்ஸுக்கு நிக்கோம். என்னால முடியலை. "அன்னைக்கே ஏம்ட்டி எங்கிட்ட சொல்லலை?"ன்னேன்.

"சொன்னேனே. நீங்க கொழம்பு ஆறிப்போச்சுன்னு கத்திக்கிட்டு இருந்தீங்க, காதுல விழலை"ன்னா. கோவமாச் சொன்னாக்கூடப் பரவாயில்லை. பஸ்ஸு வருதான்னு பாத்துக்கிட்டே சொல்லுதா.

அண்ணாச்சி, ஏன் மறைக்கணும்? அந்தப் பிள்ளைக்கு இப்போ எட்டு வயசு இருக்கும். எங்கேயோ ஒரு பள்ளிக்கூடத்துல சேட்டை பண்ணிக்கிட்டு இருக்கும். அதை நெனைச்சா சில நாளு தூக்கம் வர மாட்டேங்குது. மத்தியானத் தூக்கத்தைச் சொல்லுதேன். ராத்திரி நல்லாத்தான் வருது.

அதோட விட்டாளா? பஸ்ஸு ஏறி உக்காந்ததும் அடுத்த குண்டு. "சர்டிபிகேட்டை செவத்துல மாட்டுங்க. ஆனா அதுக்கு நேர் கீழ என் நாற்காலி இருக்கணும். நான் அங்கன உக்காந்திருக்கிற நேரம் கடை தெறந்திருக்கும். நான் எந்திரிச்சா பூட்டணும்."

"அப்போ வீட்டுல சோறு?"

"நீங்க சும்மாதான இருப்பீங்க"ன்னா.

பாத்தீங்களா? இதுதான் அநியாயம். நான் ஒரு பேப்பரு கேட்டேன். அதுக்குப் பதிலா ஒரு ஆளையே குடுத்துட்டாங்க. காலேஜுல பதினெட்டு வயசுப் பிள்ளைக எல்லாம் அவளை அக்கா அக்கான்னு சுத்துதுக. என்னைப் பாத்தா அங்கிள்ங்குதுக. பழைய பிரேமைத் தொடைச்சு வச்சிருக்கேன், சந்தானகிருஷ்ணன் போட்டோ இருந்த எடத்துல சுண்ணாம்பு வெளுத்துக் கெடக்கு. நாற்காலியும் வாங்கிப் போட்டாச்சு. கையி வச்ச நாற்காலி. யாரையும் உக்கார விட மாட்டேன். நான்கூட உக்காரலை.

இந்தா, எட்டயபுரம் தாண்டிருச்சு. கண்டக்டரே, காலேஜு ஸ்டாப்புல ஒரு ஆளு எறங்கணும்!

அட, உங்க மாத்திரை. மறந்தே போச்சு பாருங்க. இது... இந்தப் பக்கம் கோடு இருக்கிறது சாப்பிட்ட பொறவு போடுததுதான். அப்படித்தான்னு... இருங்க. இதுலயும் ஒரு கோடு இருக்கு.

ஒண்ணு செய்யுங்க அண்ணாச்சி. ரெண்டையும் இப்படி நேராப் பிடிங்க, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன். திருப்புங்க, பின்பக்கமும். டாக்டர் சீட்டு இருக்கா? அதையும் காட்டுங்க. உங்க நம்பரைச் சொல்லுங்க. அவ கேட்டுல கோட்டுக்காக நிப்பா, காட்டிக் கேட்டுட்டு, நீங்க கோவில்பட்டி எறங்குததுக்குள்ள போன் போட்டுருதேன். அதுவரைக்கும் ஒண்ணையும் வாயில வைக்காதீங்க. என் போன் வரணும். வராமப் போடக் கூடாது, சொல்லிட்டேன்.

எனக்குத் தெரியாமக் கேக்கேன்னு நெனைச்சுக்கிடாதீங்க. பதினஞ்சு வருஷம் கடை வச்சவனுக்கு இது தெரியாதா? சும்மாதான். அவளுக்கும் கொஞ்சம் அனுபவம் வேணும்ல.